மூக்கடைப்புக்கு எதை வாங்குவது: சொட்டா, மாத்திரையா, ஸ்பிரேயா, உப்புத்தண்ணீரா?

இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை பிடித்ததும் எங்கள் கடையில் மூக்கு மருந்து வேகமாக நகரத் தொடங்கும். களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் துள்ளிமருந்து என்பார்கள், நாகர்கோவில்காரர்கள் மூக்குச் சொட்டு என்பார்கள். பாதிப் பேர் பெயரே சொல்வதில்லை. மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை நீட்டுவார்கள். தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரை, முந்திரி ஆலைத் தூசி, சகிரி (தேங்காய் நார்) அடிக்கும் தூசி, தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் குவியும் பூ, ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று எல்லாம் அதோடு சேரும். மூக்கு அடைக்க இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

கருங்கல் பக்கம் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மூக்கடைப்பு என்று வருகிறவருக்குத் தர அலமாரியில் நாலு வகை உண்டு: சொட்டு மருந்து, சளி மாத்திரை, ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்புநீர். எது சீக்கிரம் திறக்கும் என்று பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். எத்தனை நாளுக்கு வேண்டும், வாங்குகிறவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மூக்கு அடைப்பது சளியால் என்றுதான் நாம் நினைக்கிறோம். மூக்கைப் பலமாகச் சிந்திச் சிந்திப் பார்த்தும் திறக்காதபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூக்கின் உட்சுவரில் திண்டு போலச் சதைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நிறைய ரத்தநாளங்கள். சளி பிடித்தாலோ ஒவ்வாமை வந்தாலோ இந்த நாளங்கள் விரிந்து ரத்தம் நிறையும், சதை வீங்கும், வழி அடைபடும். ஆக, அடைப்பில் பெரும்பங்கு வீக்கம்தான். அந்த நாளங்களைச் சுருக்கினால் மூக்கு திறந்துவிடும்.

சுருங்கு என்று நாளங்களுக்கு உத்தரவு போடுவது உடம்பிலேயே சுரக்கும் நார்அட்ரினலின். அது போய் ஒட்டும் இடங்களை ஆல்ஃபா, பீட்டா என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரண்டாகப் பிரித்தார். ஆல்ஃபாவிலும் பிற்பாடு ஒன்று, இரண்டு என்று வகை பிரிந்தது. நாளத்தைச் சுருக்குவது, கண்மணியை விரிப்பது, மூத்திரப்பையின் வாயை இறுக்குவது எல்லாம் பெரும்பாலும் ஆல்ஃபா ஒன்றின் வேலை. ஆல்ஃபா இரண்டு, மூளையில், இதற்கு நேர் எதிராக நடக்கும்: நார்அட்ரினலினைக் குறைத்து, பிரஷரை இறக்கி, தூக்கத்தைக் கொண்டுவரும். இந்த இடங்களைத் தூண்டும் மருந்துகளுக்கு ஆல்ஃபா அகோனிஸ்ட் என்று பெயர். மூக்குச் சொட்டு முதல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்றும் டிரிப் வரை ஒரே குடும்பம்தான். அவரவர் வேலை மட்டும் வேறு.

முதலில் சொட்டு. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று இரண்டு மருந்துகள்தான் அதிகம் விற்கின்றன. விட்ட சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். வேகத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இரவு வாயைப் பிளந்து தூங்க முடியாமல் கிடக்கிறவருக்கு இது வரம்தான், மறுக்க மாட்டேன்.

ஆனால் வாங்கும்போதே ஒரு குழி இருக்கிறது. சைலோமெட்டாசோலின் பெரியவர்களுக்கு 0.1 சதவீதம், குழந்தைகளுக்கு 0.05. ஆக்ஸிமெட்டாசோலின் பெரியவர்களுக்கே 0.05 சதவீதம், குழந்தைகளுக்கு 0.025. அதாவது 0.05 என்ற எண் ஒரு மருந்தில் குழந்தை அளவு, இன்னொன்றில் பெரியவர் அளவு. 'போன தடவை பிள்ளைக்கு வாங்கினது பாயிண்ட் ஜீரோ அஞ்சுதான்' என்று எண்ணை மட்டும் நினைவு வைத்து வருகிறவர்கள் உண்டு. போதாததற்கு ஒரே பிராண்ட் பெயரில் வெவ்வேறு உள்மருந்து வைத்த பாட்டில்களும் வருகின்றன. எண்ணையும் பார்க்க வேண்டும், பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் பார்க்க வேண்டும். வாசிக்க முடியவில்லை என்றால் கடைக்காரனிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத்தான் நாங்கள் நிற்கிறோம்.

பெரிய குழி அடுத்தது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். நாளங்கள் மருந்துக்குப் பழகிவிடும், வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். வீங்கியதும் மறுபடி ஒரு சொட்டு. இப்படியே போகும். ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். சளி வந்தது ஆனியில், போனது ஆனியில், ஆனால் பாட்டில் தையிலும் சட்டைப்பையில் இருக்கும்.

இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் வேறொரு கடையில் வேலைக்கு நின்றேன். சளி பிடித்தபோது அங்கிருந்த மூத்தவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் தந்தார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, பி.ஃபார்ம் படித்த நானும் கேட்கவில்லை. எட்டு மாதம் விட்டேன். தலையணைக்கு அடியில் ஒன்று, பைக் பெட்டியில் ஒன்று, கடை மேஜையில் ஒன்று. ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழியில் பாட்டிலை மறந்தது தெரிந்து பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது.

விட்டது எப்படி என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் சொன்ன வழி. ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் பொறுக்க முடியாது. முதலில் வலது மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்தி, அதில் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரும். இடது மூக்கு சொட்டோடு திறந்திருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. வலது மூக்கு தானாகத் திறக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அப்புறம் இடதிலும் நிறுத்தினேன். அந்த ஒன்பது நாளில் நாலாவது நாள்தான் மோசம். அதைத் தாண்டினால் முடிந்தது.

அடுத்தது சளி மாத்திரை. நம் ஊரில் விற்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் மூன்று நாலு சேர்ந்திருக்கும்: பாரசிட்டமால், குளோர்பெனிரமின் அல்லது செட்டிரிசின், பத்து மில்லிகிராம் ஃபினைல்எஃப்ரின், சிலதில் கொஞ்சம் காஃபின். மூக்கைத் திறப்பதற்கென்று இதில் இருப்பது ஃபினைல்எஃப்ரின். அதுவும் ஆல்ஃபா அகோனிஸ்ட்தான். ஆனால் வாய்வழி போனால் குடல்சுவரிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மூக்குக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு, மாத்திரையாகச் சாப்பிடும் ஃபினைல்எஃப்ரின் இந்த அளவில் மூக்கடைப்புக்குப் பயன்படாது என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அந்த அமைப்பே அதை நீக்க முன்மொழிந்தது. ஆபத்து என்பதால் அல்ல, வேலை செய்யவில்லை என்பதால்.

'எனக்கு அது கேக்குதே' என்பார்கள். கேட்கும்தான். குளோர்பெனிரமின் மூக்கொழுகலை நிறுத்தும், தூக்கம் தரும். பாரசிட்டமால் காய்ச்சலையும் உடம்புவலியையும் இறக்கும். நாலாவது நாள் சளி எப்படியும் இறங்கத்தான் செய்யும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது. ஒழுகலும் காய்ச்சலும் உள்ளவருக்கு நான் அந்த மாத்திரையைத் தருவேன். அடைப்பு மட்டும் இருக்கிறவருக்குத் தர எனக்கு மனசு வராது.

இந்த வகை மாத்திரைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஃபினைல்புரோபனோலமின் என்ற மருந்து ஒரு காலத்தில் சளி மாத்திரைகளில் தாராளமாக இருந்தது. மூளையில் ரத்தக்கசிவோடு அதற்குத் தொடர்பு தெரிந்ததும் 2000 நவம்பரில் அமெரிக்காவில் அதை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அந்த இடத்துக்கு வந்ததில் ஒன்று சூடோஎஃபெட்ரின். அது உண்மையாகவே மூக்கைத் திறக்கும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவருக்கும் சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கும் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு எச்சரித்திருக்கிறது. அதை வைத்துப் போதைமருந்து காய்ச்ச முடியும் என்பதால் அரசாங்கத்தின் கண் எப்போதும் அதன் மேல் இருக்கும். இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது என்றுதான் உலகமே ஃபினைல்எஃப்ரினுக்கு மாறியது. அந்தத் தொல்லையும் இல்லை, பலனும் இல்லை.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மாத்திரையில்தான் ரொம்ப முக்கியம். போன வருடம் ஐப்பசியில் ஒரு பாட்டா வந்தார், எழுபது தாண்டியவர். ஒரு கையில் டாம்சுலோசின் சீட்டு. மற்றக் கையால் மூக்கைத் தொட்டார்.

“மக்கா, சளிக்கு ஒரு நாலு மாத்திரை தா.”

“பாட்டா, ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிய?”

“அது ஒரு மூணு நாலு... அதுக்கும் சளிக்கும் என்ன?”

என்ன என்றால், டாம்சுலோசின் ஆல்ஃபா ஒன்றை மறித்து மூத்திரப்பையின் வாயைத் தளர்த்துகிற மருந்து. ஃபினைல்எஃப்ரினோ அதே இடத்தை இறுக்குகிற மருந்து. கூட இருக்கும் குளோர்பெனிரமின் மூத்திரப்பைத் தசையையே மந்தமாக்கிவிடும். ஒரு கை கதவைத் திறக்கிறது, இரண்டு கைகள் மூடுகின்றன. இப்படிச் சளிமாத்திரை போட்டு ராத்திரியில் மூத்திரம் அடைத்து, ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டுத்தான் விடிந்தது என்று வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். பாட்டாவுக்கு உப்புநீரும் பாரசிட்டமாலும் தந்தேன். அவருக்குக் கோபம். நாலு மாத்திரைக்குப் பதில் ரெண்டு மாத்திரையும் ஒரு பாட்டில் தண்ணியுமா என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரஷர்காரர்கள், இதயநோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், குறுகிய கோண வகைக் கண்நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்கள் இந்தக் குடும்ப மருந்து எதை எடுத்தாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது, பிரஷர் எகிறிவிடும்.

மூன்றாவது ஸ்டீராய்டு ஸ்பிரே: ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், பியூடசோனைட். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வீங்கிவிடும், எலும்பு உருகிவிடும் என்று பயப்படுகிறார்கள். மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பார்த்து வந்த பயம் அது. ஸ்பிரேயில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். இது ஆல்ஃபா குடும்பமே அல்ல. நாளத்தைப் பிடித்து நெரிக்காமல், வீக்கத்துக்குக் காரணமான அழற்சியையே தணிக்கிறது. அதனால்தான் பழக்கம் பிடிக்காது.

குறை இரண்டு. ஒன்று, விலை கூட. இரண்டாவது, மெதுவாகத்தான் வேலை செய்யும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். இன்று அடித்துவிட்டு நாளைக் காலையில் 'ஒண்ணும் கேக்கல' என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். அடிக்கிற முறையும் சரியாக இருப்பதில்லை. வலது மூக்குக்கு இடது கையாலும், இடது மூக்குக்கு வலது கையாலும் பிடிக்க வேண்டும். அப்போதுதான் முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணோரத்தை நோக்கிச் சாயும். நடுத்தண்டில் நேராக அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது, தொண்டைக்குப் போய்விடும். லேசாக மூச்சு இழுத்தால் போதும்.

வருடம் முழுக்கத் தும்மல் உள்ளவர்கள், புகைப்புரையிலும் முந்திரி ஆலையிலும் வேலை செய்கிறவர்கள், சொட்டுக்கு அடிமையாகிப்போனவர்கள், இவர்களுக்கெல்லாம் என் ஓட்டு ஸ்பிரேக்குத்தான், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிய பிறகு. மூன்று நாள் சளிக்கு ஸ்பிரே வீண்செலவு.

நாலாவது உப்புநீர். கடையில் பாட்டிலாகக் கிடைக்கிறது, வீட்டிலும் செய்யலாம். ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. வீக்கத்தைச் சுருக்காது. சளியை இளக்கும், தூசியைக் கழுவும், புண்பட்ட மூக்கை ஈரமாக வைக்கும். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாட்டாவுக்கும் பயமில்லாமல் தரலாம். அதனால் எந்த வழியை எடுத்தாலும் கூட இதுவும் இருக்கட்டும் என்பேன்.

கொதித்து ஆறிய தண்ணீர் என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள். குளத்துத் தண்ணீரிலும் சூடான தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரை எடுக்கும். பக்கத்துக் கேரளத்தில் 2024இலும் 2025இலும் அப்படிப் பலருக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நாமும் குளத்தில் குளிக்கிறவர்கள்தானே. குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைக்காமல் மூக்கில் ஏற்றாதீர்கள். ஆவி பிடிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: இதமாக இருக்கும், பிடியுங்கள், ஆனால் குழந்தையை அடுப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

குழந்தைகள் என்றதும் இரண்டு செய்தி. 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளிச்சொட்டை நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொன்னது. ஆனாலும் பழைய சீட்டைக் கொண்டுவந்து கேட்கிறார்கள். பழைய சீட்டு அக்காவுக்கு எழுதியது, வாங்குவது தம்பிக்கு.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. மூக்குச் சொட்டையோ, கண் சிவப்புக்கு விடும் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் சொட்டையோ ஒரு சின்னப் பிள்ளை குடித்துவிட்டால், ஒன்றிரண்டு மில்லி போதும், ஆபத்து. 2012இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. நாளத்தைச் சுருக்குகிற மருந்து உள்ளே போனால் பிரஷர் ஏறும் என்றுதானே நினைப்போம்? குழந்தையில் மருந்து மூளை வரை போய் ஆல்ஃபா இரண்டைப் பிடித்துவிடுகிறது. பிள்ளை சோர்ந்து தூங்கும், உடம்பு குளிரும், நாடி மெதுவாகும், மூச்சும் மெதுவாகும். விளையாடிக் களைத்துத் தூங்குகிறான் என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், தட்டி எழுப்பிப் பார்த்துக்கொண்டு நேரம் கடத்தவும் வேண்டாம். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் 108க்கு. டி.வி. பெட்டி மேல் மூக்குச் சொட்டு வைக்காத வீடு நம் ஊரில் குறைவு. எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள்.

மாடு, நாய் வளர்க்கிற வீட்டில் உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தும் இதே மாதிரிதான் மூளையில் வேலை செய்யும். அதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். என்ன சொல்ல.

மூளைக்குப் போனால் நேர் எதிராக வேலை செய்யும் என்பது முதலில் தெரியவந்த விதம் வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மருந்து கம்பெனி மூக்கடைப்புக்காகப் புதிய சொட்டு ஒன்றைச் செய்தது. அங்கே வேலை பார்த்த பெண் ஒருவருக்குச் சளி. அந்தச் சொட்டை விட்டுப் பார்த்தார்கள். மூக்கு திறந்ததோ இல்லையோ, அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார், பிரஷர் இறங்கிப் போனது, நாடி மந்தமானது. சொட்டு மருந்தாக விற்க நினைத்தது பிரஷர் மாத்திரையாக வெளியே வந்தது. அதுதான் குளோனிடின். இன்றும் எளிதில் அடங்காத பிரஷருக்கும் சிறுநீரக நோயாளிகள் சிலருக்கும் எழுதுகிறார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, மாத்திரை தீருவதற்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள் என்பது. திடீரென்று நிறுத்தினால் பிரஷர் பழைய அளவையும் தாண்டித் துள்ளும். மூக்குச் சொட்டில் அடைப்பு திரும்பி வருவது போலத்தான், ஆனால் இது மூக்கோடு முடிகிற காரியம் அல்ல.

கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் வந்தால் எழுதும் மெத்தில்டோபாவும் உடம்புக்குள் போய் ஆல்ஃபா இரண்டைத்தான் பிடிக்கிறது. குழந்தைக்குக் கேடில்லை என்று பல்லாண்டு அனுபவம் உள்ள மருந்து. அம்மாவுக்குத் தூக்கக் கலக்கமும் மனச்சோர்வும் வரலாம் என்பதால் லேபெட்டலால், நிஃபெடிபின் பக்கம் இப்போது பலர் போகிறார்கள். இதில் கடைக்காரன் கருத்துச் சொல்ல இடமில்லை. கர்ப்பிணி ஒருவர் மூக்கடைப்பு என்று வந்தால் மட்டும் உப்புநீரைத் தந்து, ஸ்பிரே வேண்டுமென்றால் டாக்டரிடம் பியூடசோனைட் பற்றிக் கேளுங்கள் என்பேன்.

முதுகுவலிக்கு எழுதும் டைசானிடினும் இந்தக் குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும், தூக்கம் வரும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். அதோடு மூத்திரப் புண்ணுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்ந்தால் டைசானிடின் ரத்தத்தில் பத்து மடங்கு வரை ஏறும், ஆள் எழுந்து நின்றதும் சாய்வார். இரண்டையும் சேர்க்கவே கூடாது. ஒரு சீட்டு எலும்பு டாக்டருடையது, மற்றது வீட்டுப் பக்கத்து டாக்டருடையது. இரண்டு சீட்டும் ஒன்றாக வருவது கடைக்காரனின் மேஜைக்குத்தான். ஆகவே வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

கண்நீர் அழுத்தத்துக்கான பிரிமோனிடின் சொட்டும் அப்படியே. வயதானவர்களுக்கு வாய் உலரும், பகலில் தூங்கி வழிவார்கள், சிலருக்குக் கண் ஒவ்வாமையில் சிவக்கும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதைத் தரக்கூடாது, மூச்சு நின்றுபோன சம்பவங்கள் உண்டு. ஆச்சியின் கண்மருந்தும் பேரனின் கையும் ஒரே பாயில் இருக்கும் வீடுகள் நம்முடையவை.

இவ்வளவு சொன்னதால் இது கெட்ட குடும்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி ரத்தத்தில் பரவிப் பிரஷர் விழுந்து கிடக்கும் நோயாளிக்கு, ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் வேலூர் ஆனாலும், முதலில் எடுக்கும் பிரஷர் மருந்து நார்அட்ரினலின்தான். முன்பு டோபமினும் அதற்குச் சமமாக இருந்தது. 2010இல் வந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் டோபமின் ஏற்றியவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு அதிகம் என்று தெரிந்தபின் அது பின்னுக்குப் போனது. நார்அட்ரினலின் ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை செத்துவிடும். ஆகவேதான் டிரிப் ஏற்றிய கையை நர்ஸ் அடிக்கடி வந்து பார்க்கிறார். மூக்கில் நமக்கு உதவிய அதே சுருக்கம்தான். சிசேரியனுக்கு முதுகில் மயக்கமருந்து போட்டதும் அம்மாவின் பிரஷர் விழாமல் காப்பது அதே ஃபினைல்எஃப்ரின்தான். மாத்திரையாகப் போனால் ஒன்றுக்கும் உதவாதது, ஊசியாகப் போனால் நிமிடத்தில் பிரஷரைத் தூக்கும்.

சரி, கடைக்கு வருவோம். போன ஆவணியில் தூத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஆழ்கடல் விசைப்படகு, போனால் ஒரு மாதத்துக்கு மேல் கரை காணமாட்டார்கள். படகில் பத்துப் பதினைந்து பேர். எஞ்சின் புகை, டீசல் நெடி, ஐஸ் அறைக் குளிர்.

“அண்ணே, மூக்குத் துள்ளி ஒரு ஆறு பாட்டில் வேணும். போன தடவ நாலு எடுத்தோம், இருபது நாள்ல தீந்துபோச்சு. பிறகு பாதிப் பேருக்கு மூச்சே விட முடியல்ல.”

நாலு பாட்டில் இருபது நாளில் தீர்ந்தது என்றால் பாட்டில் கைமாறிக் கைமாறி எல்லோர் மூக்கும் அதற்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம். நடுக்கடலில் பாட்டில் தீர்ந்த பிறகு வந்த அடைப்பு சளி அல்ல.

“படகு என்னைக்குப் போகுது?”

“இன்னும் பத்து நாள் உண்டு.”

பத்து நாள் என்றது நல்லதாகப் போயிற்று. வருடம் பூராவும் தும்முகிற மூன்று பேரை டாக்டரிடம் அனுப்பி, ஸ்டீராய்டு ஸ்பிரேயை அன்றைக்கே தொடங்கச் சொன்னேன். கரையிலேயே பலன் பிடித்துவிட்டால் கடலில் சொட்டு தேட வேண்டியிருக்காது. படகுப் பெட்டிக்கு உப்புநீர் பாட்டில் எட்டு, பாரசிட்டமால், செட்டிரிசின். செட்டிரிசினும் தூங்க வைக்கும், வலை இழுக்கும் வின்ச் பக்கம் நிற்கிறவருக்குப் பகலில் வேண்டாம் என்று அட்டையில் எழுதினேன். சொட்டு மருந்து ஆறு கேட்டதற்கு இரண்டு தந்தேன். இரண்டிலும் வெள்ளை டேப் ஒட்டி, 'ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில், ராத்திரி மட்டும், மூன்று நாள்' என்று மார்க்கரில் எழுதினேன். முனை ஒருவர் மூக்கில் பட்டதை இன்னொருவர் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

“நாலாவது நாளும் அடச்சிருந்தா?”

“உப்புநீர். அதுலயும் கேக்கலேன்னா அது வெறும் சளி இல்ல, கரைக்கு வந்ததும் டாக்டர்ட்ட காட்டணும்.”

“கடல்தண்ணியே உப்புத்தானே அண்ணே, பாட்டிலு எதுக்கு?”

“கடல்ல உப்பு மூணு மடங்குக்கு மேல மக்கா, எரியும். அதுலயும் படகைச் சுத்தி டீசல் கெடக்கும். பாட்டில எடுத்துட்டுப் போ.”

சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணினார். ஆறு பாட்டில் சொட்டுக்கு ஆகியிருக்கும் பணத்தைவிட எனக்கு அன்று வியாபாரம் குறைவுதான்.